கட்டணம் இல்லாத கச்சேரியும் கணக்குத் தீராத கடனும்

கடந்த போயா தினத்தன்று மாலை ஐந்து மணிக்கு யாழ். நகரையொட்டிய சிறு மண்டபம் ஒன்றில் இசைக் கச்சேரி கேட்கச் சென்றிருந்தேன். அழைப்பிதழ் இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை. குத்துவிளக்கேற்றப் பிரதம விருந்தினரும் இல்லை. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் பாடுபவரின் பெயர், வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களின் பெயர்கள், ஆரம்பமாகும் நேரம், முடியும் நேரம் ஆகியவை வெண்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. அவ்வளவுதான் விளம்பரம். சரியாக ஐந்து மணிக்கு வர்ணம் தொடங்கியது. ஏழு மணிக்கு மங்களம் பாடி முடித்தார்கள். கிராமங்களுக்குச் செல்லும் பேருந்துகளை மனத்திற் கொண்டே இந்த நேரக் கட்டுப்பாடு என்று பின்னர் அறிந்தேன்.

இதனை நடத்துபவர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர். எழுபது வயதைத் தாண்டியவர். பெயர் குறிப்பிடுவதை அவர் விரும்பமாட்டார். சில வருடங்களாக, ஒவ்வொரு போயா தினத்திலும், தமது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியையும் பழைய மாணவர்கள் சிலர் கொடுப்பதையும் சேர்த்து இந்தக் கச்சேரியை நடத்தி வருகிறார். வருவோர் நாற்பது பேர், சில மாதங்களில் அறுபது பேர். அவர்களில் பாதிப்பேர் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களை அழைத்துவரும் தாய்மாருமாவர். ஓட்டோ ஓட்டுநர் ஒருவர் தமது வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கதவோரத்தில் நின்றபடியே முழுக் கச்சேரியையும் கேட்பதை இரண்டு மூன்று தடவைகள் கண்டிருக்கிறேன். உள்ளே கதிரைகள் காலியாக இருந்தும் அவர் அமர்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "சவாரி வந்தால் ஓட வேணும் ஐயா" என்றார். ஆனால் சவாரிக்கு அழைத்த ஒருவரை, "பத்து நிமிஷம் பொறுங்கோ, தனியாவர்த்தனம் முடியட்டும்" என்று அவர் மறித்து நின்றதையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அன்று கச்சேரி முடிந்ததும் ஆசிரியை என்னை அழைத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். வெளிநாட்டில் வசிக்கும் வசதி படைத்த அன்பர் ஒருவர் எழுதியது. இந்த நிகழ்ச்சியின் ஒரு வருடச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக அதில் உறுதியளித்திருந்தார். நிபந்தனைகள் மூன்று. மேடையின் பின்திரையில் தமது காலஞ்சென்ற தந்தையாரின் படம் இருக்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் ஆரம்பத்தில் அவரைப் பற்றிய நினைவுரை இடம்பெற வேண்டும். முன்வரிசை ஆசனங்கள் அவரது குடும்பத்தார் பெயர் குறிக்கும் பிரமுகர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

"தம்பி, நீங்கள் பேப்பரில் எழுதுகிறவர். நாலு இடத்தையும் கண்டவர். நான் என்ன பதில் எழுத?" என்று கேட்டார் ரீச்சர்.

அந்தக் கேள்விக்கு நான் அங்கேயே விடை கூறவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இது ஒரு சிறு மண்டபத்தின் வரவு செலவுப் பிரச்சினை அன்று என்று தோன்றியது. இசை யாருக்கு உரியது, அதற்கான செலவை யார் ஏற்பது, செலவை ஏற்றவருக்கு அதன்மீது எவ்வளவு உரிமை உண்டு என்பன இந்த மண்ணில் நெடுங்காலமாகத் தீர்க்கப்படாத கேள்விகளாகும்.

இலவச இசை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. சென்னையில் சபாக்கள் வளர்ந்து சீட்டு விற்றுக் கச்சேரி நடத்திய காலத்திலும், இங்கே இசையின் பெரும்பகுதி கோயில் வீதியிலேதான் ஒலித்தது. திருவிழாவுக்கு உபயகாரர் இருப்பார். மேளகாரரை ஒழுங்கு செய்வதும் அவர்களுக்குச் சன்மானம் கொடுப்பதும் அவர் பொறுப்பு. தமது திருவிழாவுக்கு மற்றவருடைய திருவிழாவைவிடச் சிறந்த மேளம் வரவேண்டும் என்ற போட்டி இருந்தது. அந்தப் போட்டியின் பயனை ஊர் மக்கள் மணலில் அமர்ந்து இலவசமாக அனுபவித்தார்கள். தமிழகத்து நாதஸ்வர வித்துவான்கள் கடல் கடந்து வந்து வாசித்தார்கள். இணுவிலும் அளவெட்டியும் இசைக் கிராமங்களாகப் பெயர் பெற்றன. இணுவில் விசுவலிங்கம் அவர்களின் மைந்தர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933 - 1975) வாசித்த சமாக்களைப் பற்றி என் தந்தையார் கூறும்போது, ஏதோ முதல்நாள் இரவு கேட்டுவிட்டு வந்தவர்போலப் பேசுவார். அவர் ஒரு சாதாரண எழுதுவினைஞர். சீட்டு வாங்கித்தான் கேட்கவேண்டும் என்ற நிலை இருந்திருந்தால் அந்த மேதையின் கைகளை அவர் ஒருநாளும் கண்டிருக்கமாட்டார்.

ஆனால், பழையதைப் பேசும்போது அதன் ஒரு பக்கத்தை மாத்திரம் பேசுவது நேர்மையன்று. அந்த மணலில் எல்லோரும் அமரவில்லை. கோயில் வீதி வரை வரலாம், உள்ளே வரக்கூடாது என்று நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. வாசித்த கலைஞரும் கையால் பொற்பதக்கம் வாங்கினாரேயன்றி, பதக்கம் கொடுத்தவரின் வீட்டுத் திண்ணையில் அவருக்குச் சமமாக அமர்ந்தார் என்று சொல்ல முடியாது. அதாவது, கேட்பவருக்கு இலவசமாக இருந்த அந்த இசைக்கு வேறொரு விலை இருந்தது. அதைச் சிலர் மாத்திரம் செலுத்தினார்கள்.

கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும், வேறு சமயத்தவர்களுக்கும் தத்தமது அரங்குகள் இருந்தன. குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்க மக்கள் விடிய விடிய நாட்டுக்கூத்து ஆடினார்கள். மட்டக்களப்பின் கிராமங்களில் களரி கட்டி, ஊரே கூடிச் செலவைப் பங்கிட்டு, ஊரே கண்விழித்துக் கூத்துப் பார்த்தது. அங்கே தனியொரு உபயகாரரின் பெயர் முன்னிற்கவில்லை. இந்த வழக்கத்தை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்து வந்தது இரவுகளை இழந்த காலம். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையொட்டி வீரசிங்கம் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு உள்ளே இடமின்றி, மக்கள் வெளியே வீதியிலும் வெளியிலும் அமர்ந்திருந்தார்கள். பொலிஸாரின் தலையீட்டில் அந்தக் கூட்டம் கலைந்து, உயிர்கள் பறிபோயின. திறந்த வெளியில் ஒன்றாக அமர்ந்திருப்பதே ஆபத்தாகலாம் என்ற பாடத்தை இந்நகரம் அன்று கற்றது. அதன் பின்னர் எண்பதுகளும் தொண்ணூறுகளும் அந்தப் பாடத்தையே திரும்பத் திரும்பப் புகட்டின. 1990இன் பின்னர் மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியையும் ஒலிநாடாவையும் கேட்ட தலைமுறை என்னுடையது. ஒருவன் சுற்ற நால்வர் கேட்போம். சுற்றுபவன் களைத்தால் பாட்டு இழுபடும். உடனே அடுத்தவன் கை மாறுவான். அதுவும் ஒரு வகையில் கட்டணமற்ற கச்சேரிதான். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, ஊரடங்கு வந்தபோது, மாலை என்பது கதவைச் சாத்தும் நேரமாகியது.

ஆகவே, ஒரு தாய் தன் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு மாலை ஏழு மணிக்குக் கச்சேரி கேட்டுவிட்டுப் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்து செல்வது, பிற நகரங்களில் வாழ்வோருக்குச் சாதாரண காட்சியாக இருக்கலாம். எமக்கு அப்படியன்று. இந்த மாதாந்தக் கச்சேரியால் விளையும் முதல் நன்மை இசைப் பயிற்சிகூட அன்று. அந்நியர் பலருடன் ஒரே கூரையின் கீழ் அச்சமின்றி இரண்டு மணித்தியாலம் அமர்ந்திருக்கும் பழக்கத்தை அது மீட்டுத் தருகிறது.

யுத்தம் முடிந்த பின்னர் இசை திரும்பி வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 2011இல் ரி. எம். கிருஷ்ணா வடக்குக்கு வந்து பாடியபோது, நீண்ட காலத்தின் பின் ஒரு முன்னணி வித்துவானை நேரிற் கண்ட மகிழ்ச்சியை மக்களின் முகங்களிற் காண முடிந்தது. இந்திய நன்கொடையில் பொது நூலகத்துக்கு அருகே பதினொரு மாடிகளுடன் எழுந்த கலாசார நிலையம், 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அறுநூறு பேர் அமரக்கூடிய அரங்கு அதில் இருக்கிறது. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இராமநாதன் இசைக் கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து வளர்ந்து, இன்று தனிப் பீடமாக நிற்கிறது. ஆகவே கட்டடமும் உண்டு, படித்துப் பட்டம் பெற்ற இளங்கலைஞர்களும் உண்டு. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 88 ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிறு நகரத்துக்கு இது குறைவான வளம் அன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. எமது விழாக்களை எண்ணிப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம். இவ்வளவும் முடிந்து, பிரமுகர்கள் எழுந்து சென்றபின், களைத்துப்போன சபையின் முன் அரை மணித்தியாலம் இசைக் கச்சேரி. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. இளம் நிருபனாக இருந்த காலத்தில் இத்தகைய விழாச் செய்திகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அவற்றில் விருந்தினர்களின் பட்டமும் பதவியும் முதற் பந்தியில் வரும். பாடியவரின் பெயர் கடைசி வரியில் வரும். இடம் போதாவிட்டால் பக்க வடிவமைப்பாளர் வெட்டுவது கடைசி வரியைத்தான். அவ்வாறு பெயர் வெட்டப்பட்ட கலைஞர்கள் எத்தனை பேர் என்பதை இன்று எண்ண முடியாது.

மறு முனையில் நிற்பது நட்சத்திர இரவு. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடைபெற்றபோது நிகழ்ந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்னால் பணம் செலுத்தியவர்களுக்கான ஆசனங்கள். பின்னால் இலவசமாக நின்ற பெருங்கூட்டம். நடுவே தடுப்புகள். தடுப்புகள் தகர்ந்தன, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்குப் பண்பாடு இல்லை என்று அடுத்த நாள் பலரும் எழுதினார்கள், பேசினார்கள். ஒழுங்கீனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. பொது இடத்தில் அமைதியாக அமர்ந்து இசை கேட்கும் வாய்ப்பை அந்த இளைஞர்களுக்கு நாம் அதற்கு முன்னர் எத்தனை தடவை வழங்கியிருக்கிறோம்? வருடத்துக்கொரு முறை பெருவெள்ளத்தைத் திறந்துவிட்டு, அணை உடைந்தது என்று நீரைப் பழிப்பதிற் பொருளில்லை. கேட்பதும் ஒரு பயிற்சியே. அது மாதாமாதம் பழகி வரவேண்டியது.

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பது இதற்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் வாதம். இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கட்டணம் இல்லாத கூட்டத்தில் கைப்பேசி ஒலிக்கும், நடுவில் எழுந்து போவார்கள், குழந்தைகள் அழும். ஆனால் கட்டணம் செலுத்திய கூட்டத்திலும் இவையெல்லாம் நடக்கவே செய்கின்றன. சென்னை மார்கழிப் பருவத்தில் பல சபாக்களின் பிற்பகற் கச்சேரிகளுக்குச் சீட்டு இல்லை. அங்கே வெறும் கதிரைகளுக்கு முன் பாடிப் பழகியவர்களே பின்னாளில் மாலைக் கச்சேரிக்கு உயர்ந்தவர்கள். மதிப்பு என்பது சீட்டிலிருந்து வருவதன்று. நேரத்துக்குத் தொடங்குவது, ஒலியமைப்பைச் செம்மையாகச் செய்வது, கலைஞரை முன்னிறுத்துவது ஆகியவற்றால் நடத்துபவர் காட்டும் மதிப்பே கேட்பவரிடமும் தொற்றுகிறது.

கவலைப்படவேண்டிய இலவசம் மற்றொன்று உண்டு. கலைஞர் இலவசமாக வாசிப்பதே அது. "பிள்ளைக்கு மேடை கொடுக்கிறோம், அதுவே பெரிது" என்று கூறி மிருதங்க வித்துவானைப் பேருந்துக் காசும் இல்லாமல் அனுப்பும் வழக்கம் எம்மிடையே உண்டு. கேட்பவருக்குக் கட்டணம் இல்லை என்றால், அந்தக் கட்டணத்தைக் கலைஞரின் வயிற்றிலிருந்து எடுக்கலாகாது. ஆசிரியை நடத்தும் கச்சேரியில் பாடுபவருக்கும், பக்கவாத்தியக்காரருக்கும், பெயர் பெற்றவருக்கும், முதல் மேடை ஏறும் மாணவிக்கும் ஒரே தொகை. சிறு தொகைதான். கச்சேரி முடிந்தவுடன் உறையிலிட்டு எல்லோருக்கும் முன்பாகவே கொடுத்துவிடுவார்.

இரண்டாம் உலக யுத்த காலத்து லண்டனை இது எனக்கு நினைவூட்டியது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓவியங்களை அப்புறப்படுத்திவிட்டு வெறுமையாகக் கிடந்த தேசிய ஓவியக் கூடத்தில், 1939 ஒக்டோபர் 10ஆம் திகதி பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய வேளைக் கச்சேரிகளைத் தொடங்கினார். அவை இலவசமல்ல. கட்டணம் ஒரு ஷில்லிங். ஆனால் ஏறக்குறைய எவரும் கொடுக்கக்கூடிய தொகை அது. வாசித்தவர்களுக்கு, புகழ்பெற்றவர், புதியவர் என்ற பேதமின்றி ஒரே அளவு சன்மானம். குண்டு விழுந்த நாட்களில் கீழ்த்தள அறைக்கு இடம் மாற்றி நடத்தினார்கள். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கேட்டார்கள். ஒரு நகரம் தன்னை நகரமாக உணர்வதற்கு ரொட்டியும் பதுங்குகுழியும் மாத்திரம் போதா என்பதை அந்த மக்கள் யுத்தத்தின் நடுவிலேயே அறிந்திருந்தார்கள். யுத்தம் முடிந்து பதினைந்து வருடங்களுக்கும் மேலான பின்னரும் நாம் அதை அறிந்துகொள்ளாமலிருப்பது வருந்தத்தக்கது.

சில மாதங்களுக்கு முன்னர் ஆசிரியை நாதஸ்வர தவிற் கச்சேரி ஒன்றை ஒழுங்கு செய்திருந்தார். முதுமையடைந்த தவில் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். கச்சேரி முடிந்து உறையை வாங்கும்போது அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "கோயிலிலை நாங்கள் வாசிச்சுக்கொண்டு போவம். ஆக்கள் எங்களைத் தாண்டிச் சாமியைத்தான் பாப்பினம். அதுதான் முறை. ஆனால் இண்டைக்கு எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவை" என்றார். பழைய சமாக்களின் காலம் பல கோயில்களில் அருகிவிட்ட நிலையில், அவரது வார்த்தைகளுக்கு விளக்கம் தேவையில்லை. முன்வரிசையில் அன்று இருந்தவர்கள் மூன்று பாடசாலைச் சிறுவர்களும், மீன் சந்தையில் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணியும். அந்த வெளிநாட்டு அன்பரின் மூன்றாவது நிபந்தனை நிறைவேற்றப்பட்டிருந்தால் அவர்கள் நால்வரும் அங்கு அமர்ந்திருக்க முடியாது.

இப்போது ரீச்சரின் கேள்விக்கு வருகிறேன். அடுத்த வாரம் அவரைச் சந்தித்து என் கருத்தைக் கூறினேன். தந்தையை நினைவுகூர விரும்பும் மகனின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அது தூய்மையானது. ஆனால் அந்தப் பணத்தோடு பழைய உபயகாரர் முறையும் மண்டபத்துக்குள் வந்துவிடும். அடுத்த வருடம் வேறொருவர் இன்னும் பெரிய படத்துடன் வருவார். பெரும்பணத்தை ஒருவரிடம் பெறுவதைவிட, சிறுபணத்தைப் பலரிடம் பெறுவதே நல்லது. நான் முன்னர் குறிப்பிட்ட களரி மரபு அதுதான். ஊர் கூடிச் செலவைப் பகிர்ந்தது, அதனால் கூத்து ஊருக்குச் சொந்தமாக இருந்தது. கரும்பலகைக்கு அருகே ஒரு கடதாசியில் மாத வரவையும் செலவையும் எழுதி ஒட்டிவிடலாம். கொடுத்தவர் பெயர் வேண்டாம், தொகை போதும்.

ரீச்சர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "சொல்ல நல்லாய் இருக்குது தம்பி. ஆனால் அந்தச் சிறுபணம் வரும் வரைக்கும் மைக்காரனுக்கு ஆர் குடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. நான் உபதேசம் செய்துவிட்டு எழுந்து வந்துவிட முடியாது என்பதையும் அது உணர்த்தியது. ஒலியமைப்பின் ஒரு மாத வாடகையை ஏற்றுக்கொண்டேன். நண்பர்கள் இருவர் தலா ஒரு மாதத்தை ஏற்றார்கள். ஓட்டோ ஓட்டுநர் தாமாகவே முன்வந்து, கலைஞர்களை இலவசமாக ஏற்றியிறக்குவதாகக் கூறினார்.

வெளிநாட்டு அன்பருக்கு ரீச்சர் தமது கையாலேயே பதில் எழுதினார். தந்தையாரின் நினைவாக எவ்வளவு கொடுத்தாலும் நன்றியுடன் ஏற்பதாகவும், ஆனால் பின்திரை வெறுமையாகவே இருக்கும் என்றும், நாட்டுக்கு வரும்போது அவரும் எந்தக் கதிரையிலும் அமர்ந்து கேட்கலாம் என்றும் அதில் இருந்தது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிப்போருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கு நீங்கள் செலவிடுவதை நான் குறைகூறவில்லை. அந்நிய மண்ணில் மொழியையும் இசையையும் காப்பதற்கு அதுவும் ஒரு வழி. ஆனால் ஊருக்கு ஏதேனும் செய்ய எண்ணும்போது, கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் அப்பால் சற்று நோக்குங்கள். கட்டடம் ஒருமுறை கட்டினால் முடிந்துவிடும். கேட்கும் பழக்கத்தை மாதந்தோறும் புதிதாகக் கட்டவேண்டும். நீங்கள் பிறந்த ஊரில் இப்படி ஒரு மாதக் கச்சேரியையோ, கூத்தையோ யாரேனும் நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். நடத்தினால், மிருதங்கக்காரரின் ஒரு மாதச் சன்மானத்தை மாத்திரம் பெயர் கூறாமல் அனுப்புங்கள்.

மாநகரசபையிடமும் ஒரு வேண்டுகோள். போயா தினம் எப்படியும் விடுமுறை நாள். நகரின் பொது அரங்குகளில் ஒன்றை அந்த ஒரு மாலைக்கு வாடகையின்றித் திறந்துவிட்டாற் போதுமானது. உரை நிகழ்த்த எவரும் வரவேண்டியதில்லை.

அடுத்த போயாவுக்கான கரும்பலகை எழுதப்பட்டுவிட்டது. இம்முறை பாடுபவர் பருத்தித்துறைப் பக்கமிருந்து வரும் இருபத்திரண்டு வயது மாணவி. அவருக்கு இது முதல் மேடை. கையிருப்பு இன்னும் நான்கு மாதங்களுக்குப் போதும் என்கிறார் ரீச்சர். ஐந்து மணிக்கு ஆரம்பம். பிந்தி வருவோருக்கு வர்ணம் கிடைக்காது.